வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

என் அலுவலக மேசையில் ஒரு லாடம் கிடக்கிறது. காளையின் குளம்பில் அடிப்பது. உள்ளங்கையில் அடங்கும் பிறை வடிவத் தகடு, ஆணி போன ஓட்டைகள், தேய்ந்து மழுங்கிய ஓரம். துரு ஏறாமல் இருக்க எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பேன். அறைக்குள் வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். பூமியின் காந்தத்தை அளப்பது எனக்குத் தொழில். இரும்பைக் கண்டால் விரட்டுவதிலேயே பாதி ஆயுள் போன பெண் நான். கருவி இருக்கும் இடத்துக்குச் சேலை ஊக்கைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவள் மேசையில் இரும்பை வைத்துக் கொஞ்சுகிறாளே என்று கூட வேலை செய்யும் இளையவர்கள் கேலி செய்வார்கள். காகிதம் பறக்காமல் இருக்கத்தான் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். உண்மையைச் சொல்வதென்றால் மயிலாடும்பாறையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குப் பொறுமை கிடையாது. 

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பூமி ஒரு பெரிய காந்தம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அந்தக் காந்தம் அசையாமல் சும்மா இருப்பதில்லை. நம் தலைக்கு மேலே, மேகமெல்லாம் தாண்டி, வெகு உயரத்தில் காற்று மெலிந்துபோன இடத்தில், வெயில் பட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. காலையில் ஊறி, உச்சிப்பொழுதில் நிறைந்து, சூரியன் சாய்ந்ததும் வற்றிவிடும் ஓர் ஆறு அது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிய வானத்தில் அது குறுகி வேகமெடுத்து ஓடுகிறது. நாங்கள் தரையில் இருந்துகொண்டு, அந்த ஆறு போகிற போக்கில் பூமியின் காந்தத்தை எவ்வளவு அசைக்கிறது என்று பார்த்து, அதன் வெள்ளத்தைக் கணக்கிடுகிறோம். காந்தமானி என்ற கருவி அந்த அசைவை இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். அசைவு மிகச் சிறியது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தால் போதும், வானத்து ஆறு காணாமல் போய் மண்வெட்டிதான் தெரியும்.

கருவி வைக்க இடம் தேடி இரண்டாயிரத்து ஆறு வாக்கில் முதலில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் வந்தேன். நான் உத்தமபாளையத்துப் பெண். என் அத்தாவுக்குத் திராட்சை வியாபாரம். அனுமந்தன்பட்டியில் அவருக்குச் சொந்தமாக ஒரு தோட்டமும் உண்டு. மகள் ஏதோ அரசாங்க வேலையாக இடம் கேட்கிறாள் என்று பூரித்துப்போய்த் தோட்டத்தைக் காட்டினார். திராட்சைப் பந்தல் என்றாலே தலைக்கு மேல் முழுக்க இரும்புக் கம்பிதான். கல்தூணுக்குக் கல்தூண் கம்பி, குறுக்கே கம்பி, நெடுக்கே கம்பி, மூலைக்கு ஒரு பம்புசெட்டு. வாசலில் நின்றபடியே முடியாது அத்தா என்றேன். பெற்ற அப்பன் தோட்டத்தை வேண்டாம் என்று சொன்ன மகள் என்று அவர் வெகு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பம் வரை தேடிப் பார்த்தேன். எங்கு போனாலும் கம்பி, மோட்டார், மின்கம்பம். கடைசியில் மலையைச் சுற்றிக்கொண்டு மயிலாடும்பாறைக்கு அந்தப் பக்கம், வருசநாடு போகிற சாலையில் இருந்து உள்ளே தள்ளி, ஓர் இலவந்தோப்பின் ஓரத்தில் சும்மா கிடந்த துண்டு நிலம் கிடைத்தது. கம்பி கிடையாது, கரண்டும் அங்கே வந்து சேரவில்லை. நிலம் அக்காவுடையது.

அக்கா என்றால் உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அக்கா என்று கூப்பிட்டேன், அப்படியே நின்றுவிட்டது. தோப்பை வெளியூர் வியாபாரிக்கு விலை பேசுவதில் இருந்து காய் அடித்து, உடைத்து, பஞ்சு ஏற்றி அனுப்புவது வரை அவள்தான். கணவருக்குச் சரக்கு வண்டி ஓட்டும் வேலை, பாதி நாள் கேரளாவில் இருப்பார். பேச்சில் அக்காவை யாரும் மடக்க முடியாது. முதல் நாள் நான் வானத்து ஆற்றைப் பற்றி நீட்டி முழக்கியபோது கடைசி வரை கேட்டுவிட்டு, “வைகையிலயே தண்ணியக் காணோம், நீ மேல போயி ஆறு தேடுறியாக்கும்” என்றாள். ஆனால் நிலத்தைக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: இலவம் மரம் எதையும் வெட்டக்கூடாது.

கருவிக்குக் கட்டிய குடிசையில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது. பித்தளைத் திருகாணி, மர முளை, தென்னங்கீற்றுக் கூரை, கதவுக்குப் பித்தளைப் பூட்டு. கருவியின் தலைப்பகுதி தரையில் ஒரு குழிக்குள் இருந்தது. குடிசையைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு, சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்களை வட்டமாகப் பதித்தோம். கல்லுக்கு இந்தப் பக்கம் இரும்பு வரக்கூடாது. அரிவாள், சாவிக்கொத்து, கொண்டை ஊசி, செருப்பில் அடித்த ஆணி, எதுவானாலும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதையெல்லாம் நான் அக்காவுக்குப் பாடமாகச் சொன்னேன். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் ஏன் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஒரு நாள் காலையில் கோடு படி ஏறியதுபோல் சட்டென்று எகிறி, அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. வானத்தில் அப்படி எதுவும் நடக்காது. எலி கடித்ததோ, கன்றுக்குட்டி முட்டியதோ, எவனாவது குறும்புக்கு எதையாவது போட்டானோ என்று புலம்பிக்கொண்டே பஸ் ஏறி வந்தேன். குடிசையைச் சல்லடையாகச் சலித்தேன். கடைசியில் குழி மூடியைத் தூக்கினால், கருவியை ஒட்டி, மஞ்சள் துணியில் பதமாகச் சுற்றி, இந்த லாடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் போட்டேன். அவள் பதறவே இல்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டவள்போல் சொன்னாள்.

“புதுசா வந்து எறங்கியிருக்கு. அங்கன ஒத்தையில கெடக்கு. காத்து கருப்பு அண்டிரக் கூடாதுல்ல ஆத்தா.”

பிறந்த குழந்தையின் தொட்டிலில் ஓர் இரும்புத்துண்டு போட்டு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஏன், எங்கள் வீட்டிலும் உண்டு. நான் பிறந்தபோது என் தலைமாட்டில் பாக்குவெட்டி இருந்ததாக அம்மா சொல்வாள். அக்கா என் கருவியைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையாகப் பார்த்திருக்கிறாள். இரும்பு ஆகாது என்று நான் சொன்னதெல்லாம் மனிதர்கள் அஜாக்கிரதையாகக் கொண்டுவரும் இரும்புக்குத்தான், காவலுக்கு வைப்பது வேறு கணக்கு என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். என் மடிக்கணினியில் அந்தக் கோட்டைக் காட்டினேன். லாடம் வைத்த காலையில் எகிறியிருந்த இடத்தில் அவள் விரலை வைத்துப் பார்த்தாள். தோப்பில் வேலை செய்த பையனிடம் ஓர் ஊக்கைக் கொடுத்துக் குடிசைக்குள் கொண்டுபோகச் சொல்லி, கோடு துள்ளுவதையும் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லாடத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, வெள்ளைக் கல்லுக்கு வெளியே போய் நின்று, இப்போது தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “அப்ப ரோசக்காரப் பொட்டிதான்” என்றாள்.

அன்றிலிருந்து அந்த வட்டத்துக்கு அவள்தான் காவல். என்னைவிடக் கண்டிப்பு. பார்வையிட வந்த எங்கள் மேலதிகாரியை இடுப்பு வாரைக் கழற்றச் சொல்லி, அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே கருவியைப் பார்த்துவிட்டுப் போன கதை எங்கள் அலுவலகத்தில் இன்றும் ஓடுகிறது. லாடம் அடித்த மாடுகளைத் தோப்புக்கு மறுபக்கமாகச் சுற்றி ஓட்டிப் போனாள். நான் போகும்போதெல்லாம் எனக்குக் கேப்பைக்கூழும் கருவாடும் வைத்திருப்பாள். கருவாடு தின்ற கையோடு அலுவலக வண்டியில் ஏறினால் ஓட்டுநர் மூக்கைச் சுளிப்பார். அதற்காக நான் சாப்பிடாமல் வந்ததில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். நான் போகத் தொடங்கியபோது முதல் வகுப்பு. பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்து, மதுரையில் அறுவை சிகிச்சை செய்து தைத்தது. மூக்குக்குக் கீழே ஒரு தழும்பு, பேச்சில் லேசாக மூக்கின் சாயல். மற்றபடி அம்மாவை உரித்து வைத்த வாயாடி. ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாக இருக்கும். ஊரில் யாரிடமானாலும் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து வெட்டிப் பேசும் அக்கா, மகளிடம் மட்டும் அவள் பின்னால் இருந்துதான் பேசுவாள். சடை பின்னும்போது பேசுவாள், தலையில் எண்ணெய் வைக்கும்போது பேசுவாள். மகள் திரும்பினால் தலையை நேராகப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிடுவாள். சடை கோணிவிடும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசியில் கரு உண்டானது. அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் நான்காம் மாதம் வரை வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது. கூழ்ச் சட்டியை நான் தள்ளி வைத்த விதத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்புறம்தான் தை மாதம் என்னென்ன வேலை இருக்கிறது என்று விசாரித்தாள். நான் வெகு உற்சாகமாகச் சொன்னேன். மாட்டுப் பொங்கலன்று உச்சிவெயில் நேரத்தில் சூரிய கிரகணம். கன்னியாகுமரி, இராமேஸ்வரம் பக்கமெல்லாம் சூரியன் வளையலாகவே தெரியும். நம் பக்கம் அதன் விளிம்பில் இருக்கிறோம். பட்டப்பகலில் சூரியனை மறைத்தால் வானத்து ஆறு என்ன ஆகும் என்று பார்க்க இது போன்ற வாய்ப்பு ஆயுளில் ஒரு முறை. கருவி தானாகவே எழுதும். ஆனால் அதன் கணக்கு பிசகாமல் இருக்கிறதா என்று, வட்டத்துக்குள் திறந்த வெளியில் நட்டிருக்கும் கல்பீடத்தில் இன்னொரு கருவியை வைத்துக் கையால் பார்த்துச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். மற்றவர்களெல்லாம் தெற்கே வேறு வேறு இடங்களுக்குப் போகிறார்கள், இங்கே நான்தான் என்றேன். அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றுதான் சொன்னாள். தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆடிக் கடைசியில், பொழுது சாயும் நேரத்தில் ஒரு கிரகணம் வந்தது. அக்கா அப்போது இரண்டு மாதம். மாமியார் அவளை உள்ளறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, விட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொட்டத்தில் கட்டியிருந்த பசு கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டு அலறியது. வீட்டில் ஆண்கள் இல்லை. மாமியாருக்குக் காது மந்தம். அக்கா எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மாடு பிழைத்தது. பிள்ளை உதடு பிளந்து பிறந்தது. “கிரகணம் தீண்டுன பிள்ளைன்னு எங்க அத்தை ஊரெல்லாம் சொன்னாக. மாட்டப் பாத்தவ மகளப் பாக்கலன்னாக. சாகுற வரைக்கும் சொன்னாக” என்றாள் அக்கா. மாமியார் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் அந்தச் சொல் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்த அன்று மகளே வீட்டுக்கு வந்து, நீ வெளியே போனதால்தானே எனக்கு இப்படி என்று கேட்டுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கியது.

நான் பாய்ந்துகொண்டு விளக்கினேன். கிரகணம் என்பது நிலவின் நிழல், அவ்வளவுதான் அக்கா. ஒரு மேகம் மறைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். உதடு கூடுவதும் கூடாமல் போவதும் வயிற்றுக்குள் தானாக நடப்பது, கிரகணமே இல்லாத வருடத்திலும் அப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. மதுரையில் டாக்டரும் இதையேதான் சொன்னார் என்றாள் அக்கா. பின்னே என்ன என்றேன். “சரித்தான் ஆத்தா” என்றாள். அந்தச் ‘சரித்தான்’ எனக்கு நன்றாகத் தெரியும். பஞ்சு வியாபாரி ஒரு விலை சொல்லும்போது, கொடுக்கப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டுச் சொல்லும் ‘சரித்தான்’ அது.

கிரகணத்துக்கு முந்தின நாளே போய் அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் காலையில் அம்மா உத்தமபாளையத்தில் இருந்து போன் செய்தாள். வெள்ளிக்கிழமை அது, ஜும்ஆவோடு கிரகணத் தொழுகையும் இருக்கிறது, அத்தா பள்ளிவாசலுக்குப் போகிறார், நீ உள்ளேயே இரும்மா என்று கெஞ்சினாள். அறிவியல் படித்தவளுக்கு ஏது பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இழந்தவளுக்கு எல்லாப் பயமும் உண்டு. மூளை ஒன்று சொல்லும், வயிற்றின் மேல் போய் உட்கார்ந்திருக்கும் கை வேறொன்று சொல்லும். ஆனாலும் போகத்தான் வேண்டும் என்றேன். பிடிவாதத்தில் நான் அத்தாவின் மகள். அக்கா அதற்குமேல் தடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்து லாடத்தை எடுத்து வந்து, இதை மட்டும் இடுப்பில் முடிந்துகொள் என்று நீட்டினாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே கையை இழுத்துக்கொண்டாள். “பொட்டிக்கு ஆகாதுல்ல” என்றாள்.

மாட்டுப் பொங்கல், தை அமாவாசை, கிரகணம் மூன்றும் ஒன்றாக வந்த நாள். கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் மாட்டுக்குப் பொங்கல் என்று ஊர் முழுக்கக் கதவடைத்துக்கொண்டு கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. நான் ஊக்குகளைக் கழற்றி, வளையல்களைச் சரிபார்த்து, தனியாகத்தான் வட்டத்துக்குள் போனேன். வெயில் மெல்ல நிறம் மாறியது. சாயங்கால வெயில் இல்லை அது, மழை வெயிலும் இல்லை; உச்சிவேளை நிழல் காலடியிலேயே இருக்க, வெளிச்சம் மட்டும் மெலிந்துகொண்டே போனது. காற்று குளிர்ந்தது. கல்பீடத்தில் கருவியின் மேல் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கண்டேன். வெள்ளைக் கற்களுக்கு அந்தப் பக்கம், வெகு தூரம் தள்ளி, வரப்பில் நிற்கும் புளியமரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்தபடி, சம்மணமிட்டு, மடியில் இரண்டு கையாலும் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். லாடம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அன்று லாடத்தோடு நின்று தெரிகிறதா என்று கேட்ட இடத்தைவிட இன்னும் பல மடங்கு தள்ளி உட்கார்ந்திருந்தாள். என் வேலையும் கெடக்கூடாது, நானும் காவல் இல்லாமல் நிற்கக்கூடாது; இரண்டுக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த இடம் அது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு கிரகணத்தில் வெளியே வந்து அவ்வளவு பேச்சுக் கேட்டவள், எனக்காக இன்னொன்றில் வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். வா என்று கையசைத்தேன், வரவில்லை. வீட்டுக்குப் போ என்று சைகை செய்தேன், அசையவில்லை. சூரியன் வளையலாகப் பொருந்தியும் பொருந்தாமலும் நின்ற அந்த நேரத்தில், புளிய இலைகளின் இடைவெளி வழியே விழுந்த ஒளிப் பொட்டுகள் எல்லாம் வளையல் துண்டுகளாக அவள் சேலை முழுக்கக் கிடந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியின் கண்ணாடியில் கண்ணை வைத்தால் எழுத்துகள் கலங்கின. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

வெயில் முழுதாகத் திரும்பிய பிறகுதான் எழுந்தாள். அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். “சரி சரி, போயிக் குளி, மாட்டுக்குப் பொங்க வைக்கணும்” என்று என்னை விலக்கிவிட்டாள். பதிவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து விரித்துப் பார்த்தபோது கோடு எங்கும் துள்ளாமல், சூரியன் மறைய மறையத் தாழ்ந்து, விட விட ஏறி, வழவழவென்று இருந்தது. ஆறு வற்றிப் பெருகியதை அப்படியே காட்டியது. என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல பதிவை நான் எடுத்ததில்லை.

ஆனி மாதம் உத்தமபாளையத்தில் எனக்கு மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்த சில நாளில், ஒரு பள்ளிக்கூட நாளில், தேனி வந்து பஸ் மாறி அக்கா வந்தாள். என்னிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போனாள். குனிந்து, சுண்டுவிரலால் குழந்தையின் மேலுதட்டை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை மெல்லத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். மடியில் இருந்து லாடத்தை எடுத்தாள், தொட்டிலில் போட. என் அம்மா நெகிழ்ந்துபோய், உன் இரும்புதான் தாயி எங்க பிள்ளையைக் காப்பாற்றியது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். ஆறு மாதமாக மனதில் உறுத்தியதை அப்போதுதான் கேட்டாள்: அன்று அவள் இரும்போடு அங்கே உட்கார்ந்ததில் என் பதிவு ஏதும் கெட்டுவிட்டதா? நான் சந்தோஷமாகச் சொன்னேன், ஒரு துளி கெடவில்லை அக்கா, இரும்பு இருந்ததே அதற்குத் தெரியவில்லை. அவள் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“பொட்டிக்கே தெரியலையா?”

“தெரியலக்கா.”

“ஒரு ஊக்கு வந்தாலே துள்ளுமே அது. அதுக்கே எட்டலைன்னா உன் வயித்துக்கு எங்கிட்டு ஆத்தா எட்டிருக்கும்?”

 ஆமாம், எட்டியிருக்காது என்று சொன்னால், தண்ணீர் குடிக்காமல் அவள் உட்கார்ந்திருந்ததை நானே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவேன். இல்லை, அதுதான் காத்தது என்று சொன்னால், அவள் மகளின் உதட்டுப் பழியை என் கையாலேயே அவள் தலையில் மறுபடி வைத்துவிடுவேன். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள், சும்மா இரு என்று. ஆனால் அக்கா என் பதிலுக்காகக் காத்திருக்கவே இல்லை. அவளாகவே போய்க்கொண்டிருந்தாள்.

“அப்ப ஒண்ணும் காக்கல. நீ காவலில்லாத வயித்தோடதான் நின்னுருக்க. அம்புட்டு நேரம். உச்சியில.” குழந்தையை இன்னொரு முறை பார்த்தாள். “பிள்ள நல்லாருக்கு.” குழந்தையின் மேலுதட்டில் மறுபடி விரல் வைத்தாள்.   “அப்ப, நான் மாட்ட அவுக்கப் போனது...”

“இல்லக்கா,” என்றேன். “அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமே இல்ல.”

நான் முன்பும் இதையேதான் சொல்லியிருந்தேன், டாக்டரும் சொல்லியிருந்தார். அப்போதெல்லாம் எங்கள் பேச்சாக இருந்தது இப்போது அவளுடையதாகிவிட்டது. தொட்டில் கயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அழுதாள். என் அம்மாவும் ஏன் என்று தெரியாமலே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, லாடத்தைத் தொட்டிலில் போடாமல் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “இத நீ வச்சுக்க. எனக்கு வேணாம்” என்றாள். அம்மா பிரியாணிக்கு அரிசி ஊற வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று வாசல் வரை மறித்தாள். அக்கா நிற்கவில்லை. இப்போது போனால் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். ஏன் அவ்வளவு அவசரம் என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் ஆண்டிபட்டிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் வந்தன. அந்த உயரத்துக்கு இரும்பு நட்டால் எங்கள் கருவிக்கு அங்கே என்ன வேலை. குடிசையைப் பிரித்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டோம். வெள்ளைக் கற்களை அக்கா பிடுங்க விடவில்லை, வட்டத்துக்குள் அவரை போட்டிருக்கிறாள். போனில் பேசுவோம். என் மகள் வளர்ந்து, என்னை வைத்துக்கொண்டே அக்காவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். சில வருடங்களுக்கு முன்பு தேனி பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னை அத்தை என்று கூப்பிட்டாள். தழும்பைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. செவிலியர் படிப்பு முடித்து மதுரையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். டீ குடித்துக்கொண்டே, என் குழந்தையைப் பார்க்க வந்த அன்று அம்மா என் வீட்டில் இருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கா வந்தாள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். வகுப்பில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியதும் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோய் ஓடி வந்தாளாம். வேப்பமரத்தடியில் நின்று, உன் உதட்டுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மா சொன்னதும், இதைச் சொல்லவா கூப்பிட்டாய் என்று கோபித்துக்கொண்டாளாம்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு வரைக்கும் அம்மா எம் முதுகோடதான் பேசும் அத்தை. அன்னைக்குத்தான் எம் மூஞ்சியப் பாத்துப் பேசுச்சு.”

லாடம் இப்போதும் மேசையில் இருக்கிறது. இதை எழுதும் முன்பு கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காந்த ஊசியைக் கொண்டுபோனால் திரும்புகிறது. நாற்காலி தூரம் தள்ளி வைத்தால் அதற்கு இப்படி ஓர் இரும்பு இருப்பதே தெரியவில்லை. புளியமரத்தடி அதைவிட எவ்வளவோ தூரம். மறுபடி துடைத்து, எண்ணெய் தொட்டு, அதன் இடத்திலேயே வைத்தேன்.